கிளட்ச் மாற்றக் கியர் பாக்ஸை இறக்குதல்: மாருதி ஜிப்சியை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

கிளட்ச் மாற்றும் வேலையில் கிளட்சுக்கென்று செலவாகும் நேரம் மிகக் குறைவு. பழைய பிளேட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது பழகிய கைக்குச் சிறிய வேலைதான். மீதி நேரமெல்லாம், கிளட்சை மறைத்துக்கொண்டிருக்கும் கியர் பாக்ஸை இறக்குவதிலும் அதைத் திரும்ப ஏற்றுவதிலும் போகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்றால் கியர் பாக்ஸோடு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பெட்டியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இந்த வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர் கிளட்சைப் பற்றித் தெரிந்துகொள்ளும் அளவுக்கு, இந்தப் பெட்டிகளின் எடை ஒவ்வொரு கட்டத்திலும் எதன்மேல் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வேலையில் நேரும் பழுதுகளில் பெரும்பாலானவை, எடை நிற்கக் கூடாத இடத்தில் நின்றதால் வந்தவை என்பதே என் கருத்து.

எடுத்துக்காட்டாக மாருதி ஜிப்சியைக் கொள்கிறேன். சுசூகியின் எஸ்.ஜே. வரிசை ஜீப்பை அடிப்படையாகக் கொண்டு 1985ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த வண்டி இது. முதலில் வந்த எம்.ஜி.410 வகையில் 970 சி.சி. எஞ்சினும் நான்கு கியர்களும் இருந்தன. 1996இல் வந்த ஜிப்சி கிங் வகையில் 1298 சி.சி. எஞ்சினும் ஐந்து கியர்களும் அமைந்தன. பொதுமக்களுக்கான விற்பனை நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டாலும், ராணுவ ஏலத்தில் வந்தவையும் காட்டுச் சவாரிக்கு ஓடுபவையுமாக ஏராளமான ஜிப்சிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. தனிச் சேசிஸ், நீளவாக்கில் நிற்கும் எஞ்சின், கம்பியால் இயங்கும் கிளட்ச், கியர் பாக்ஸிலிருந்து விலகித் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி அமைந்த வண்டியாதலால், புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கிளட்ச் இருக்கும் இடமும் அதன் வேலையும்

எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஃப்ளைவீல் என்னும் கனமான இரும்புச் சக்கரம் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் பின்முகத்தில் பிரஷர் பிளேட் பூட்டப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் அழுத்திப் பிடித்த அட்டையைப் போல, கிளட்ச் பிளேட் நிற்கிறது. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுபவை. கிளட்ச் பிளேட் மட்டும் கியர் பாக்ஸைச் சேர்ந்தது, ஏனென்றால் அதன் நடுத்துளையில் வெட்டப்பட்டுள்ள பற்களுக்குள் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைந்து நிற்கிறது. பிரஷர் பிளேட்டிலுள்ள வட்டமான டயஃப்ரம் ஸ்பிரிங் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும்போது மூன்றும் ஒன்றாகச் சுற்றி எஞ்சினின் இழுவை கியர் பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் கம்பி ஒரு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளுகிறது. பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்த, பிளேட் பிடியிலிருந்து விடுபட்டுத் தனியே நிற்கிறது.

இன்புட் ஷாஃப்ட் கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வந்து, ரிலீஸ் பேரிங்கையும் பிரஷர் பிளேட்டையும் கிளட்ச் பிளேட்டையும் கடந்து, ஃப்ளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங் என்னும் சிறு பேரிங்கில் தன் நுனியை ஊன்றி நிற்கிறது. இத்தனையையும் ஊடுருவி நிற்கும் இந்த ஒற்றை ஷாஃப்ட்டை வெளியே எடுக்காமல் பிளேட்டை எடுக்க முடியாது. ஷாஃப்ட்டோ கியர் பாக்ஸின் உள்ளுறுப்பு. அதனால்தான் சிறிதளவு தேய்மானத்துக்காக முழுக் கியர் பாக்ஸையும் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினை முன்பக்கமாக இழுத்து இதே இடைவெளியை உண்டாக்கலாம் என்றாலும், ரேடியேட்டர், குழாய்கள், வயர்கள், சைலன்சர் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருப்பதால் எஞ்சினுக்கு வேறு வேலை இருந்தாலொழிய யாரும் அந்த வழிக்குப் போவதில்லை.

காட்டு வண்டிகளில் கிளட்ச் ஏன் விரைவில் தேய்கிறது

கிளட்ச் பிளேட் முழுமையாகப் பிடித்திருக்கும்போதும் முழுமையாக விடுபட்டிருக்கும்போதும் தேய்வதில்லை. ஃப்ளைவீல் ஒரு வேகத்திலும் பிளேட் இன்னொரு வேகத்திலும் உரசிக்கொண்டிருக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில்தான், அதாவது ஹாஃப் கிளட்சில்தான், பிளேட்டின் உரசும் மேற்பரப்பான லைனிங் கரைகிறது. தார்ச்சாலையில் ஒரு சிக்னலுக்கு ஒருமுறை நேர்வது, பாறை மேட்டில் சில நிமிடங்களுக்குள் பலமுறை நேர்ந்துவிடுகிறது. கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர்களைப் பூட்டியிருந்தால் வண்டியை அசைக்க இன்னும் அதிக இழுவை தேவைப்பட்டு உரசும் நேரம் மேலும் நீள்கிறது.

இங்கேதான் டிரான்ஸ்ஃபர் கேஸின் அருமை தெரிகிறது. எஞ்சினின் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பதோடு, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியர் ஒன்றும் அதற்குள் இருக்கிறது. ஜிப்சி கிங்கின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை விகிதம் 1.409, லோ விகிதம் 2.268. அதாவது லோவுக்கு மாற்றியதும் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 1.6 மடங்காகிறது, அதே எஞ்சின் வேகத்தில் வண்டி அந்த அளவுக்கு மெதுவாக நகர்கிறது. கிளட்சைப் பொறுத்தவரை இதற்குப் பொருள், உரசல் முடிந்து பிடி விழுவதற்கு ஆகும் நேரம் குறைகிறது என்பதே. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் எல்.டி.230 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 3.32 என்பதால் அதில் இந்த உதவி இன்னும் பெரிது. மேட்டில் லோ போடாமல் ஹையிலேயே ஹாஃப் கிளட்சில் ஏறுவதைச் சிலர் திறமையாக எண்ணுகிறார்கள். அந்தத் திறமைக்கான விலையைக் கிளட்ச் பிளேட்தான் கொடுக்கிறது.

தண்ணீரும் சேறும் இன்னொரு காரணம். ஆற்றைக் கடக்கும்போது, கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்குள் நுழையும் நீர் வடிந்துவிடும். அதோடு வந்த நுண்மணல் வடிவதில்லை. அது லைனிங்கையும் ரிலீஸ் பேரிங்கையும் அரைத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், உண்மையில் போனது எது என்று பார்ப்பது நல்லது. உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. ஆனால் கம்பி மிக இறுக்கமாக அமைந்து, பெடலை விட்ட பிறகும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருந்தாலும் இதே அறிகுறி தெரியும். அதுபோல, முதல் கியரும் ரிவர்சும் உரசிக்கொண்டு விழுந்தால் பிளேட் விடுபடவில்லை என்று பொருள். இதற்குக் காரணம் கம்பி இழை பிரிந்து நீண்டுபோனதாகவும் இருக்கலாம். ஜிப்சியில் கிளட்ச் கம்பி மாற்றுவது கியர் பாக்ஸைத் தொடாமலே முடிகிற வேலை. எனவே பெடலின் வெற்று அசைவை (எதிர்ப்பு தெரியும் வரை அது இறங்கும் தூரத்தை) அளந்து, கம்பியின் இரு முனைகளையும் பார்த்து, சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகும் வழுக்கினால் மட்டுமே கியர் பாக்ஸை இறக்கத் துணிய வேண்டும்.

பெடலை மிதித்தவுடன் கரகரவென்று சத்தம் வந்து, விட்டவுடன் நின்றால் அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். வண்டி கிளம்பும்போது உடம்பு முழுவதும் உதறினால் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், அல்லது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள் அறுந்திருக்கலாம். ரப்பர் மவுண்ட்டைக் கீழே படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இடமும் கருவிகளும்

சமதளமான, கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கியும் ஸ்டாண்டும் மெல்ல மெல்லப் புதையும். ஜிப்சியின் தரை இடைவெளி கொஞ்சம் அதிகம் என்றாலும், கியர் பாக்ஸை இறக்கி அதைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுக்கும் அளவுக்கு அது போதாது. ஆகவே வண்டியைத் தூக்கிச் சேசிஸின் இரு பக்கங்களுக்கும் அடியில் தரமான ஆக்சில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து நிறுத்த வேண்டும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக்கொடுப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. அவை எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்குபவை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் அப்படியே. ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகு வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பார்த்து, அது அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகே உள்ளே போக வேண்டும்.

ஒரு செய்தியைத் தனியாக வலியுறுத்த வேண்டியிருக்கிறது. வில்லீஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றிலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. பின் அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டான பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய கணத்தில் அந்த ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியிருக்கும் எந்த வண்டிக்கும் இது பொருந்தும். ஷாஃப்ட் இல்லாவிட்டால் கியர் எதையும் பிடித்து வைக்காது. எனவே தரையில் நிற்கும் சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை கொடுப்பதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

கருவிகள் என்று பார்த்தால் ரிங் ஸ்பேனர்கள், நீண்ட எக்ஸ்டென்ஷனோடு சாக்கெட் செட், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக்கிகள், கிளட்சை நடுமையப்படுத்தும் டம்மி ஷாஃப்ட் ஆகியவை போதும். ஜாக்கிகளில் ஒன்று சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியாக இருந்தால் கியர் பாக்ஸை அதன்மேல் ஏந்தியே முன்னும் பின்னும் நகர்த்தலாம். உதவிக்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும். கியர் பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கிய கதைகளைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அதை முயல வேண்டாம்.

பிரித்தெடுத்தல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதில் வேலை தொடங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. அடுத்து வண்டிக்குள், கியர் லீவரின் ரப்பர் உறையை விலக்கி, லீவரைப் பிடித்திருக்கும் மூடியைக் கீழே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் லீவர் மேலே வந்துவிடும். திறந்த துளைக்குள் மணல் விழாதபடி உடனே சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும்; உள்ளே விழுந்த ஒரு சின்ன நட்டு முழுக் கியர் பாக்ஸையும் பிரிக்க வைத்துவிடும்.

கீழே வந்தால், கியர் ஆயிலை முதலில் வடித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பெட்டி சாயும்போது பின்முனை வழியாக முகத்தில் கொட்டும். வடியும் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் போல்ட்டில் மெல்லிய இரும்புப் பொடி ஒட்டியிருப்பது இயல்பானது. சில்லுச் சில்லாக உலோகம் வந்தால் பேரிங்கோ பற்களோ உடைந்திருக்கின்றன என்று பொருள், அப்போது வேலையின் அளவே மாறிவிடும்.

ஜிப்சியில் மூன்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் உண்டு. கியர் பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் குட்டை ஷாஃப்ட் ஒன்று, அங்கிருந்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் நீண்டவை இரண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் ரப்பர் மவுண்ட்டுகளில் சேசிஸிலேயே தனியாகத் தொங்குவதால், கிளட்ச் வேலைக்கு அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. குட்டை ஷாஃப்ட்டை மட்டும் எடுத்தால் கியர் பாக்ஸ் விடுபடுகிறது. இடவசதிக்காக முன் ஷாஃப்ட்டையும் எடுத்துவிடுவது உண்டு. இந்த வடிவமைப்பு வீட்டில் வேலை செய்பவருக்கு ஒரு வரம். மஹிந்திராவின் பழைய ஜீப்புகளிலும் ‘தார்’ வண்டியிலும் பழைய டிஃபெண்டரிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸின் முதுகிலேயே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றில் இரண்டையும் ஒன்றாக இறக்கினால் எடை பெருமளவு கூடுவதோடு, நீண்ட பெட்டியின் எடைமையம் எங்கே என்று கணிப்பதும் கடினமாகிறது. அதனால் வீட்டில் செய்பவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸை முதலில் தனியாக இறக்கிவிட்டுப் பிறகு கியர் பாக்ஸுக்கு வருவதே பாதுகாப்பான வழி.

எந்த ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் அதற்கு முன் இணைந்திருக்கும் இரு ஃப்ளாஞ்சுகளின் (போல்ட் போடும் தட்டுகளின்) குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இட்டுவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே கோடு நேர்க்கோடாக அமைந்தால் சமநிலை குலையாது. மாறிவிட்டால் வேகத்தில் ஓர் அதிர்வு வந்து, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அலைய நேரிடும். ஷாஃப்ட்டுக்குப் பிறகு கிளட்ச் கம்பியை நெம்புகோலிலிருந்து விடுவித்து, ரிவர்ஸ் விளக்கின் வயரைப் பிரித்து, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும். வயர்களுக்குத் துண்டுத் துணியில் குறிப்பெழுதிக் கட்டுவதும், ஒவ்வோர் இடத்துப் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போடுவதும் மாலையில் நேரத்தை மிச்சப்படுத்தும். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல.

இப்போது எடை பற்றிய கேள்வி வருகிறது. எஞ்சின் முன்பக்கம் இரண்டு மவுண்ட்டுகளிலும், பின்பக்கம் கியர் பாக்ஸின் அடியிலுள்ள கிராஸ் மெம்பர் என்னும் குறுக்குச் சட்டத்திலுமாக உட்கார்ந்திருக்கிறது. கிராஸ் மெம்பரை எடுத்ததும் எஞ்சினின் பின்பகுதிக்கு ஆதாரம் இல்லை. அது கீழே சாய்ந்து, முன்னே ஃபேன் ரேடியேட்டர் மறைப்பில் இடிக்கும், ஹோஸ்கள் இழுபடும். எனவே முதல் ஜாக்கியை ஒரு மரப்பலகையின் மேல் எஞ்சின் சம்ப்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) பின்பகுதிக்கு அடியில் கொடுத்து, எடையை ஏந்தும் அளவுக்கு மட்டும் உயர்த்த வேண்டும். பலகை இல்லாமல் வெறும் ஜாக்கியை வைத்தால் சம்ப் நசுங்கிவிடும். இரண்டாவது ஜாக்கி கியர் பாக்ஸின் அடியில் நிற்கும். இரண்டும் எடையை வாங்கிய பிறகே கிராஸ் மெம்பரின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.

பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் மேலே இருப்பவைதான் சோதிப்பவை. சம்ப்பின் ஜாக்கியைச் சற்றே தளர்த்தி எஞ்சினைக் கொஞ்சம் பின்புறமாகச் சாயவிட்டால், நீண்ட எக்ஸ்டென்ஷன் கியர் பாக்ஸின் முதுகுவழியாகப் பின்னாலிருந்து அவற்றை எட்டும். எல்லாப் போல்ட்டுகளும் வந்த பிறகு, கியர் பாக்ஸை எஞ்சினோடு ஒரே நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டு மெல்லப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சற்று விலகிய பிறகு பெட்டியின் பின்முனை தொங்கினால், அதன் முழு எடையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் விழும். பழைய பிளேட் எறியப்பட வேண்டியதுதான் என்றாலும் ஷாஃப்ட்டும் பைலட் பேரிங்கும் தொடர்ந்து வாழ வேண்டியவை. ஷாஃப்ட் நுனி பிரஷர் பிளேட்டின் விரல்களைக் கடந்து முழுதாக வெளியே வந்த பிறகே ஜாக்கியைக் கீழிறக்கலாம்.

பழைய பிளேட் சொல்வது

பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் இருந்திருக்கலாம். முகமூடி அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து எடுப்பதே சரி.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் பிளேட் கையில் வந்துவிடும். அவசரமாகத் தூக்கி எறியாமல் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பது இந்த முழு வேலையின் பயனுள்ள பகுதி. ரிவெட்டின் தலையிலிருந்து லைனிங்கின் மேற்பரப்பு வரை உள்ள ஆழத்தை வெர்னியரின் பின்முனையால் அளக்கலாம், அது 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. லைனிங் சீராகத் தேய்ந்திருந்தால் அது வயதால் வந்த தேய்மானம். கண்ணாடிபோல் பளபளத்து, ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு, அதாவது ஓட்டும் முறையில் ஒரு கோளாறு. லைனிங் ஈரமாகக் கறுத்திருந்தால் எங்கிருந்தோ ஆயில் வந்திருக்கிறது. எங்கிருந்து என்பதை விரலில் தொட்டு முகர்ந்தே சொல்லிவிடலாம். எஞ்சின் ஆயில் கறுப்பாக, நீர்த்து, எரிந்த வாடையோடு இருக்கும். அது கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீலிலிருந்து, அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்திலிருந்து, வருவது. கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும்; அது இன்புட் ஷாஃப்ட்டின் சீலிலிருந்து வருவது. கசியும் சீலை விட்டுவிட்டுப் புதிய பிளேட்டைப் பூட்டினால் சில மாதங்களில் இதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

சீல் கசியவில்லை என்றாலும், கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே அதை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் ஆயில் சீல் ஆகிய ஐந்தையும் ஒரே மூச்சில் மாற்றுவது செலவாகத் தோன்றும். ஆனால் இவற்றில் விலை குறைந்த ஒரு பேரிங் போனாலும் கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஃப்ளைவீலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு லேத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. நகத்தால் வருடினால் சிக்கும்படியான வரிகளோ, வெப்ப வெடிப்புகளோ இருந்தால் மட்டும் முகத்தைச் சீராக்கச் சொல்லலாம். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

பூட்டுதல்

புதிய பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. நடுவிலுள்ள ஸ்பிரிங்குகளின் புடைப்பு அதிகமாக நீண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸை நோக்கியிருக்கும். ஃப்ளைவீலை நோக்க வேண்டிய பக்கத்தில் அச்சிட்டிருப்பதும் உண்டு. திருப்பிப் போட்டுவிட்டால் எல்லாம் பூட்டி முடித்த பிறகே தெரியவரும். முதலில் பிளேட்டை மட்டும் இன்புட் ஷாஃப்ட்டில் நுழைத்து, தடையின்றி வழுக்கிப் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பற்களில் கிரீஸ் மிக மெல்லியதாக, துடைத்ததுபோல் இருந்தால் போதும். அதிகமானால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படும். ஃப்ளைவீலின் முகத்திலும் புதிய பிரஷர் பிளேட்டின் முகத்திலும் உள்ள எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

அடுத்தது நடுமையம். பிரஷர் பிளேட்டை இறுக்கியதும் கிளட்ச் பிளேட் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். அப்போது அதன் நடுத்துளையும் பைலட் பேரிங்கின் துளையும் ஒரே மையத்தில் இல்லாவிட்டால் இன்புட் ஷாஃப்ட் உள்ளே போகாது. இதற்காகவே டம்மி ஷாஃப்ட் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் உடைந்த கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இதற்கு மிகச் சிறந்தது. இல்லாவிட்டால் அளவு கொடுத்து லேத்தில் மரத்திலோ நைலானிலோ கடைந்துகொள்ளலாம். டம்மி ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதே போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சுற்றுக்குச் சுற்று இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். சுசூகியின் இந்த வரிசை எஞ்சின்களுக்குப் பிரஷர் பிளேட் போல்ட்டின் அளவு 18 முதல் 28 நியூட்டன் மீட்டர். முடிந்ததும் டம்மி ஷாஃப்ட் விரலால் இழுத்தாலே வெளியே வர வேண்டும். சிக்கினால் தளர்த்தி மீண்டும் செய்வதே நல்லது.

கியர் பாக்ஸை ஏற்றும்போது மொத்த வேலையின் கடினமான சில நிமிடங்கள் வருகின்றன. இன்புட் ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்து, பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல் தடிமன் இடைவெளி மட்டும் மிச்சமிருக்கும்போது பெட்டி நின்றுவிடும். ஷாஃப்ட்டின் பற்கள் பிளேட்டின் பற்களோடு சேரவில்லை, அல்லது நுனி பைலட் பேரிங்கில் சேரவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்ததும் போல்ட்டுகளைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கி இழுத்துவிடத் தோன்றும். அதைச் செய்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், பைலட் பேரிங் நசுங்கும், அலுமினியப் பெல் ஹவுசிங்கின் காது உடைந்தே போகலாம். மாறாக, கியரை ஒன்றில் விழச்செய்து, உதவியாளர் பெட்டியின் பின்முனையிலுள்ள வெளி ஷாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்ப, நீங்கள் ஜாக்கியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் பெல் ஹவுசிங்கின் விளிம்பும் எஞ்சினின் விளிம்பும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இடைவெளி தெரிந்தால் பெட்டி சாய்ந்திருக்கிறது. கோணம் சரியாகி, பற்கள் சேர்ந்த கணத்தில் பெட்டி தானாகவே உள்ளே போய் எஞ்சினைத் தொடும். போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையாலேயே பல சுற்று திருக முடிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். போல்ட்டு முழுதாக இறுகும் வரையிலும் கியர் பாக்ஸின் கீழுள்ள ஜாக்கியை எடுக்கக் கூடாது.

மற்றவை கழற்றிய வரிசையின் தலைகீழ்: கிராஸ் மெம்பர், ஸ்டார்ட்டர், வயர், ஷாஃப்ட்டுகள், கம்பி, லீவர். ஆயில் நிரப்புவதை மறந்துவிடாதிருக்க, ஸ்டியரிங்கில் ஒரு சீட்டை ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். கியர் ஆயில் தேர்வில் கவனம் தேவை. கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோனைசர் வளையங்கள் பித்தளையாக இருக்கும் பழைய கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்.4 தரமே பொருத்தம், அச்சுகளுக்கான ஜி.எல்.5 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்ற வேண்டாம்.

கடைசியாகக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். பெடலின் மேலிருந்து எதிர்ப்பு தெரியும் வரை உள்ள வெற்று அசைவு சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கட்டும். எஞ்சினைக் கிளப்பி, பெடலை முழுதாக மிதித்து, ஓரிரு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டால் உரசாமல் விழ வேண்டும். பிறகு வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கலாம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாறை மேடும் பாரம் இழுப்பதும் வேண்டாம். லைனிங் ஃப்ளைவீலின் முகத்தோடு இசைந்து படிய அவ்வளவு ஓட்டம் தேவை. அதன் பிறகு ஒருமுறை கீழே படுத்து, ஷாஃப்ட் ஃப்ளாஞ்சுகளின் போல்ட்டுகளையும் கிராஸ் மெம்பர் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் சோதித்து, பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் துளி தெரிகிறதா என்று பார்த்து, லைனிங் படிந்ததால் மாறியிருக்கும் பெடல் அசைவை மீண்டும் அளந்து திருத்திவிட வேண்டும்.